லைட்டை அணைங்க, தீயைப் பார்க்கணும்

மதுரையில் பழங்காநத்தம், ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம் பக்கத்துத் தெருக்களில் அவருக்கு அடுப்புக்காரர் என்றே பெயர். சைக்கிள் கேரியரில் ஒரு தகரப் பெட்டி, ஹேண்டில்பாரில் ஒரு சாக்குப் பை. யாராவது கூப்பிட்டால் உடனே வீட்டுக்குள் நுழைந்துவிட மாட்டார். வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். “கேஸ் வாடை ஏதாச்சும் வருதாக்கா?” இல்லை என்ற பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

அடுக்களைக்குள் போனதும் பெட்டியைத் திறக்க மாட்டார். “ரெண்டு பர்னரையும் பத்த வைங்க. ஃபேனை நிறுத்திட்டு, லைட்டை அணைங்க.” புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டு ஒரு நொடி விழிப்பார்கள். அவர் அதற்குள் மேடைக்கு நேராகக் குனிந்து, கண்ணைத் தீயின் மட்டத்துக்குக் கொண்டுவந்திருப்பார்.

டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாத் தீயும் ஒன்றுபோலத்தான் தெரியும். இருட்டில்தான் அதன் உடம்பு புலப்படும். நன்றாக எரியும் பர்னரில் ஒவ்வொரு ஓட்டையிலும் சின்னதாக ஒரு கூம்பு நிற்கும். உள்ளே வெளிர்நீலம், அதைப் போர்த்தியபடி கொஞ்சம் கருநீலம். ஆடாது, இரையாது. நுனி மஞ்சளாக நீண்டு துவண்டால் காற்று போதவில்லை. தீ பர்னரை விட்டு மேலெழும்பி உஸ்ஸென்று இரைந்தால் காற்றோ கேஸின் வேகமோ மிஞ்சிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் எரிந்து மறுபக்கம் பல் விழுந்த வாய்போல இருந்தால் ஓட்டை அடைப்பு. அணைக்கும்போது ‘டப்’ என்று உள்ளுக்குள் வெடித்தால், தீ பின்வாங்கிக் குழாய்க்குள் போயிருக்கிறது. நாற்பது வருஷமாக அவர் படிக்கும் எழுத்து இவ்வளவுதான். ஆனால் இதை ஒழுங்காகப் படித்துவிட்டால் பாதி அடுப்புகளைக் கவிழ்க்கவே வேண்டியிருக்காது.

1983இல், பதினான்கு வயதில், கீரைத்துறையில் தாய்மாமன் வைத்திருந்த பம்ப் ஸ்டவ் ரிப்பேர் கடையில்தான் அவர் தொழிலுக்கு வந்தார். அப்போது கேஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ரேஷன் மண்ணெண்ணெய்தான். 1892இல் ஸ்வீடன்காரர் ஃப்ரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய ப்ரைமஸ் வகை ஸ்டவ்வின் வாரிசுகள்தாம் கடைக்கு வந்த அந்தப் பித்தளை ஸ்டவ்கள் எல்லாம். பம்புக்குத் தோல் வாஷர், தலைக்கு நிப்பிள், நிப்பிளைக் குத்த ஒரு பின். தகரப் பட்டையின் முனையில் தலைமுடிக் கனத்தில் ஒரு கம்பி இருக்கும். அந்தப் பின் இல்லாத அடுக்களை அன்றைக்கு ஊரில் கிடையாது. மண்ணெண்ணெய் சூட்டில் கருகி நிப்பிளை அடைக்கும், குத்தியே ஆக வேண்டும். பெண்களின் கைக்கு அது அத்தனை பழக்கம்.

ஸ்டவ் போய் கேஸ் வந்தது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

கேஸ் அடுப்பில் நாப்புக்குப் பின்னால், கேஸைத் திறந்து மூடும் காக்கின் முனையில், மரை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு ஒன்று இருக்கும். அதுதான் ஜெட். அதன் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. ரெகுலேட்டர் சிலிண்டரின் அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுக்குத் தணித்து அனுப்புகிறது. அந்த மெல்லிய அழுத்தத்தில் வரும் கேஸ் இந்தத் துளையில் புகுந்து வேகமெடுக்கிறது. அந்த வேகமே பக்கத்து ஓட்டை வழியாகக் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு பர்னர் குழாய்க்குள் ஓடுகிறது. ஒரு பங்கு கேஸ் முழுசாக எரிய ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதி உள்ளேயே கலந்துவிடுகிறது, மீதியைத் தீ சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கு முழுவதும் அந்தத் துளையின் அளவை நம்பித்தான் நிற்கிறது. அதன் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் வெளிவரும் கேஸ் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். இழுபடும் காற்று அந்த அளவுக்குக் கூடாது.

இதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, தப்புப் பண்ணித்தான் தெரிந்துகொண்டார். தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில் வில்லாபுரத்தில் ஓர் அக்கா, “எந் தங்கச்சி வீட்டுல தீ எம்புட்டு பெருசா எரியுது! இதையும் அப்படிப் பண்ணிக் குடுங்க தம்பி” என்றார். அவரும் ஊசியை விட்டு ஜெட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். தீ பெருசாகத்தான் வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம், கேட்ட கூலிக்கு மேலே காப்பியும் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அதே தெருவில் போனபோது அந்த அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு குக்கரை எடுத்துவந்து காட்டினார். அடியெல்லாம் விரலில் ஒட்டும் கரி. சிலிண்டரும் வழக்கத்தைவிட முன்னாலேயே தீர்ந்திருந்தது. அன்றைக்கே கடைக்குப் போய்ப் புது ஜெட் இரண்டு வாங்கிவந்து, காசு வாங்காமல் போட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு எந்த ஜெட்டிலும் அவர் ஊசி விட்டதில்லை. அடைத்திருந்தால் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார், வாயால் ஊதுவார். அப்படியும் போகவில்லையென்றால் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி. செம்பு பித்தளையைவிட மெத்து, துளையைச் சுரண்டாது.

அடுப்பைக் கெடுப்பது அழுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் பார்த்தவரை அழுக்கால் செத்த அடுப்புகள் குறைவு. அவசரச் சுத்தத்தால் செத்தவை நிறைய.

பர்னரையே எடுத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வாரத்தில் அவரைத் தேடி வருகிறவர்கள் பாதிப்பேர் ஒரே கதையைச் சொல்வார்கள். பர்னர் கறுத்திருந்தது, கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் போட்டோம், பளபளவென்று ஆனது, ஆனால் தீ சரியாக வரவில்லை. பளபளப்பு என்று அவர்கள் சொல்வது ஒருவித ரோஸ் நிறம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். கடுமையான ஆசிட் முதலில் துத்தநாகத்தைத் தின்றுவிடும், மேலே செம்பு மட்டும் தெரியும். ஓட்டைகளின் விளிம்பு அரித்து அளவு மாறிப்போன பர்னரை எந்த மெக்கானிக்காலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இன்னொரு பக்கம், காஸ்டிக் சோடா கலந்த கிளீனர்கள் இருக்கின்றன. அவை பித்தளையைவிட அலுமினியத்துக்குப் பகை. விலை குறைந்த அடுப்புகளில் பர்னருக்குக் கீழேயுள்ள கலவைக் குழாய் பெரும்பாலும் அலுமினியக் கலவைதான். அதில் காஸ்டிக் பட்டால் நுரைத்துப் பொங்கும், உலோகம் பொருக்குப் பொருக்காகக் கரையும்.

அவருடைய மருந்து எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பழைய புளி ஒரு எலுமிச்சை அளவு, முங்கும் அளவு வெந்நீர், அரைமணி நேரம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் கறுப்பை மட்டும் கரைக்கும், பித்தளையைத் தொடாது. பூஜைச் சாமானை என்றைக்கும் அதில்தானே தேய்க்கிறோம், பர்னர் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்பார். ஊறிய பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஓட்டைக்குத் தென்னந்துடைப்பக் குச்சி, பிறகு நல்ல தண்ணீர். கடைசியாகச் செய்ய வேண்டியதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பர்னரைக் கவிழ்த்துத் தட்டி, வெயிலில் வைத்து, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தீ திக்கும், ‘டப் டப்’ என்று அடிக்கும், உடனே மெக்கானிக்குக்குப் போன் வரும். அந்த மாதிரிப் போனுக்கு அவர் போவதில்லை. “அரைமணி நேரம் வெயில்ல வச்சு மாட்டுங்கக்கா, சரியாகலேன்னா கூப்பிடுங்க.” அநேகமாகத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

தீயின் நிறத்தில் அவரையே பல வருஷம் ஏமாற்றிய ஒன்று உண்டு. டி.வி.எஸ். நகரில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் வீடு. பர்னர் கழுவிக் காய்ந்திருக்கிறது, ஜெட் புதுசு, காற்று ஓட்டையில் தூசி இல்லை. ஆனாலும் நீலத் தீயில் அங்கங்கே ஆரஞ்சுத் திட்டுகள் வந்து வந்து போயின. மூன்றாவது தடவை அவர் அடுப்பைக் கவிழ்க்கப் போனபோது சார் தடுத்து, ஒரு சிட்டிகை உப்பைத் தண்ணீரில் கரைத்து, விரலால் தீயின் ஓரத்தில் தெளித்தார். அப்படியே ஆரஞ்சாகப் பூத்தது. “காலையில சாம்பார் பொங்குச்சுப்பா, அதோட உப்புதான் இது.” உப்பிலிருக்கும் சோடியம் சூட்டில் தரும் நிறம் அது. அன்றைக்குச் சார் உட்காரவைத்து இன்னொரு விஷயமும் சொன்னார். ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன் என்ற பேராசிரியர், 1855 வாக்கில், காற்றை முன்கூட்டியே கலந்து நிறமில்லாத சுத்தமான தீ தரும் பர்னரைத் பல்கலைக்கழகக் கைவினைஞர் பீட்டர் டெசாகாவைக் கொண்டு செய்வித்தார். தீயில் தன் நிறம் இல்லாததால்தான் அதில் காட்டும் உப்புகளின் நிறம் தெளிவாகத் தெரிந்தது. அந்த நிறங்களைப் பிரித்துப் படித்தே அவரும் இயற்பியலாளர் கிர்காஃபும் 1860இல் சீசியத்தையும் மறுவருஷம் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். நம் அடுக்களை அடுப்பு அந்தப் பர்னரின் வழியில் வந்ததுதான்.

தான் லைட்டை அணைத்துவிட்டுச் செய்கிற வேலையை ஒரு பேராசிரியர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கிறார் என்பது அவருக்கு இன்றைக்கும் பெருமை. இப்போது மஞ்சளையும் ஆரஞ்சையும் பிரித்துப் பார்க்கிறார். நுனி முழுக்க மஞ்சளாகித் துவண்டு, பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்றுக் குறை. அதில் கார்பன் மோனாக்சைடும் வரும், சாத்திய அடுக்களையில் அது ஆபத்து. நீலத் தீக்கு நடுவே பொறிப்பொறியாக ஆரஞ்சு வந்து, பாத்திரம் சுத்தமாக இருந்தால் உப்போ தூசியோதான். ஒரு ஈரத்துணி போதும், அதற்குக் கூலி வாங்க மாட்டார்.

வாசற்படியில் நின்று வாடை கேட்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும். பழங்காநத்தத்தில் ஒரு லைன் வீடு. அவருக்குப் பழக்கமான குடும்பம், முன்பு இரண்டு தடவை சர்வீஸ் செய்த அடுப்பு. மதியத்தில் போன் வந்தது. “அண்ணே, என்னமோ வாடை வருது, தீயும் சிறுசா இருக்கு.” போனார். வாசல் நடையைத் தாண்டியதும் முகத்தில் அறைந்தது அந்த அழுகிய முட்டைக்கோஸ் வாடை. கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அவர் வந்ததைப் பார்த்ததும் அந்தத் தங்கச்சி, போன தடவைகளில் அவர் சொல்லிக்கொடுத்தபடியே, லைட்டை அணைக்கச் சுவிட்சைப் பார்த்துக் கையை நீட்டியது.

“கையை எடும்மா!”

அவர் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் மிரண்டு நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டாலும் பொறி உண்டு, அணைத்தாலும் பொறி உண்டு. நூறு பங்கில் இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே காற்று பற்றிக்கொள்ளும். கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தண்ணீர்போலப் பரவி மூலையில் தேங்கும். அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் வெளியே அனுப்பினார். ரெகுலேட்டரைத் திருகி மூடிக் கழற்றினார். சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போட்டு, தூக்கிக்கொண்டு போய்த் திண்ணைக்கு வெளியே வைத்தார். பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார். ஃப்ரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போதும் பொறி வரும் என்பதால், வாசலுக்கு அந்தப்பக்கம் மீட்டர் பெட்டியில் இருந்த மெயினை அணைத்தார். அதன் பிறகே கால் நடுங்குவது தெரிந்து திண்ணையில் உட்கார்ந்தார். சிலிண்டர் மூலையில் எலி டியூபைக் கடித்து, விரல்நகம் அளவுக்கு ஒரு பள்ளம்.

எலி கடித்தது அவர் தப்பில்லை. ஆனால் அந்தக் கை சுவிட்சை நோக்கிப் போனது தன் வாய் வார்த்தையால் என்பதை அவர் மறக்கவே இல்லை. இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதைத் தனியாக உட்கார்ந்து சொல்கிறார். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதே. சிலிண்டரை மூடு, கதவைத் திற, வெளியே போ, தெருவில் நின்று 1906க்குப் போன் போடு. டியூப் விஷயத்தில் பேரமே கிடையாது. உள்ளே கம்பிவலை வைத்த, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு டியூப்தான், அதுவும் ஐந்து வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. டியூபின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். எலிக்குப் பயந்து சிலர் டியூபுக்கு மேலே பிளாஸ்டிக் பைப்பை மாட்டி மூடிவிடுகிறார்கள். அப்படி மூடினால் வெடிப்பு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதைக் கழற்றச் சொல்லிவிடுவார். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் இருக்கும் எழுத்தையும் காட்டுவார். பி-27 என்றிருந்தால் 2027இன் இரண்டாம் காலாண்டு, ஜூனோடு சோதனைக் கெடு முடிகிறது என்று அர்த்தம். ஏ, பி, சி, டி என்ற நான்கும் வருஷத்தின் நான்கு காலாண்டுகள். அதை அந்த வீட்டுப் பிள்ளைகளை விட்டே படிக்கச் சொல்வார்.

2007இல் தமிழக அரசு இலவசமாக அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியபோது அவருடைய சைக்கிள் ஊரைத் தாண்டி அவனியாபுரம், வலையங்குளம் வரை போனது. மாதக்கணக்கில் அட்டைப்பெட்டியில் இருந்துவிட்டு, விறகு நனைந்த ஒரு மழைநாளில் பற்றவைக்கப்பட்ட அடுப்புகள் அவை. புது அடுப்பு, ஆனால் எரியாது. கவிழ்த்துப் பார்த்தால் குழாயின் காற்று வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், இல்லையென்றால் சிலந்தி வலை. நூலாம்படை ஒரு சின்ன உருண்டை அளவு இருந்தாலே போதும், காற்று நின்றுவிடும். அந்த வீடுகளில் அவர் பாதிக்கூலிதான் வாங்கினார். சம்பாதித்தது குறைவு என்றாலும், புகையில் கண் சிவந்த கிழவிகள் நீலத் தீயைக் கிட்ட வந்து பார்த்த பார்வை அவருக்கு மறக்கவில்லை.

காக் சர்வீஸ் என்பது இந்தத் தொழிலின் நுணுக்கமான இடம். நாப் இறுகிப்போவது உள்ளே கிரீஸ் காய்ந்துபோவதால். வீட்டுக்காரர்கள் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். ஒரு நாள் இளகும், ஒரு மாதத்தில் பிசினாகி முன்னைவிட மோசமாக இறுகும். அவர் காக்கைக் கழற்றி, உள்ளேயிருக்கும் கூம்பு வடிவப் பித்தளையைத் துணியால் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸை விரல்நுனியால் படிந்தும் படியாமலும் தடவுவார். கொஞ்சம் கூடினாலும் கிரீஸ் கேஸ் போகும் துளையை அடைத்துவிடும். மாட்டி முடித்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை. குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கிற ஆட்களை அவர் தொழில்காரர் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

2020 ஊரடங்கில் அவருக்கு வேலை நின்றது. திரும்பி வந்தபோது அடுக்களைகளில் புதிதாக ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது, ஓ.டி.ஜி. என்கிற கரண்ட் ஓவன். பிள்ளைகளுக்கு கேக் செய்யப் பழகிய வீடுகள். “அண்ணே, இதையும் பார்ப்பீங்களா?” ஐம்பது வயதுக்கு மேல் அவர் ஒரு எலக்ட்ரீஷியன் நண்பரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். முதலில் பார்த்தவை எல்லாம் உருகிய பிளக்குகள். 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை அடாப்டர் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டியிருந்தார்கள். அடுத்தது மழைக்காலத்தில் டிரிப் ஆகும் ஓவன். அதன் ராடுக்குள் சூட்டுக்கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும், கரண்ட் கசியும், டிரிப்பர் விழும். சுத்தம் செய்கிறேன் என்று ராடின் மேலேயே தண்ணீரை அடிப்பவர்களும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். உட்சுவருக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஈரத்துணியால் வழிக்கச் சொல்கிறார். கம்பி நார் கூடாது, ராடில் எதுவுமே படக்கூடாது. அடியில் இருக்கும் துகள்தட்டை ஒவ்வொரு தடவையும் கொட்டிவிட வேண்டும், அதில் கிடக்கும் வெண்ணெய்தான் புகைகிறது.

ஆனால் ஒன்று அவரை உறுத்தியது. ஓவனில் படிக்கத் தீ இல்லை. திருநகரில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் ஒரு பெண் அதற்கு வழி காட்டியது. கம்பித் தட்டில் ஆறு துண்டு பிரெட்டை வரிசையாக அடுக்கி, கொஞ்ச நேரம் சுட்டு எடுத்தால், எங்கே சூடு கூடுதல், எங்கே குறைவு என்பதைத் துண்டுகளின் நிறம் சொல்லிவிடும். அந்தப் பெண்ணின் புகாரே அதுதான். கேக் ஒரு பக்கம் எழும்புகிறது, இடது முன்மூலை மட்டும் எப்போதும் வேகாமல் நிற்கிறது. பிரெட்டும் அதையே சொன்னது. ஐந்து துண்டு பொன்னிறம், இடது முன்மூலையில் இருந்தது வெறும் வெள்ளை.

ராடைப் பார்த்தார், சரி. தெர்மோஸ்டாட் டிக்கென்று விழுந்து எழுந்தது, அதுவும் சரி. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, பழக்கம் விடாமல் கேட்டார்.

“வாடை எதுவும் இல்லையேம்மா? அப்ப அந்த லைட்டை அணை, பார்ப்போம்.”

அடுக்களை இருண்டது. ராடு சிவந்து ஏறியபோது கண்ணாடி முழுக்க மங்கலான சிவப்பு. கதவின் வலது ஓரம் இருட்டாகவே நிற்க, இடது ஓரத்தில் மட்டும் மேலிருந்து கீழாக நூல்போல ஒரு சிவப்புக் கோடு கசிந்தது. இடப்பக்கக் கீலின் ஸ்குரூ தளர்ந்து, கதவு ஒரு மயிரிழை விலகி நின்றிருக்கிறது. ஓவனை அணைத்து ஆறவைத்து, ஸ்குரூவை இறுக்கி, கீலைக் கொஞ்சம் நிமிர்த்தினார். அந்தப் பெண் பாக்கெட்டிலிருந்து இன்னும் ஆறு துண்டு பிரெட்டை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது.